வாங்குவோர் அறமும் கொழுந்தெடுக்கும் கையும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குகிறவன், அப்பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதற்கும் பொறுப்பாளி ஆவானா? "பணத்தைக் கொடுத்தேன், பொருளைப் பெற்றேன்; அதற்கு முன் நடந்தவையெல்லாம் விற்றவன் பாடு" என்று அவன் ஒதுங்கிக்கொள்ளுதல் நியாயந்தானா? இந்த வினா தமிழருக்குப் புதியதன்று. புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் இதனை நேருக்கு நேர் எதிர்கொண்டிருக்கிறார். கொன்றவன் ஒருவன், தின்றவன் மற்றொருவன். ஆகவே தின்றவனைப் பாவம் சேராது என்னும் வாதம் அந்நாளிலேயே வழங்கியிருத்தல் வேண்டும். தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விலைக்காகக் கொன்று விற்போரும் இருக்கமாட்டார்கள் என்று அவர் அவ்வாதத்தின் வேரையே அறுத்துவிடுகிறார். நம் பாடசாலைப் பொருளியல் நூல்கள் கேள்வி என்றும் நிரம்பல் என்றும் வழங்குபவற்றின் தொடர்பை, அறத்தின் துலாக்கோலிலே நிறுத்துப் பார்த்த முதற் பார்வைகளுள் அதுவும் ஒன்று எனலாம்.

அந்த வினா இன்று கடைத்தெருவிலே புதுக்கோலம் பூண்டு நிற்கிறது. காடு அழிகிறது, கடல் பிளாஸ்டிக்கால் நிறைகிறது, பூமியின் வெப்பம் ஏறுகிறது என்பவற்றைப் பள்ளிப் பருவத்திலேயே கற்றுத் தேர்ந்த ஒரு தலைமுறை உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. இயற்கைக்குத் தீங்கு செய்யாத கம்பனியின் பொருளையே வாங்குவோம் என்று அத்தலைமுறை சொல்கிறது. 2015இல் நீல்சன் நிறுவனம் 60 நாடுகளிலே 30,000 பேரிடம் வினவியபோது, இத்தகைய பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயார் என்று 66 சதவீதத்தினர் கூறினர். இளந்தலைமுறையினரிடையே அது 73 சதவீதமாக இருந்தது. ஆயின், சொன்னவரெல்லாம் செய்தவரல்லர். நற்கொள்கையுடைய நிறுவனங்களின் பொருளை வாங்க விரும்புவதாக 65 சதவீதத்தினர் கூறியும், அவ்வாறே வாங்கியவர் ஏறத்தாழ 26 சதவீதத்தினரே என்று 2019இல் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை எடுத்துக்காட்டியது.

இவ்விடைவெளியைச் சுட்டி இளைஞரை எள்ளி நகையாடுதல் எளிது. நமக்கு அதிலே உடன்பாடில்லை. விலை, பழக்கம், நம்பிக்கையின்மை ஆகியன மனிதரின் நல்லெண்ணத்துக்கு எப்பொழுதுமே தடையாக நின்றவை. மேலும், அந்த நல்லெண்ணம் வெறும் பேச்சன்று என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவிலே 26 கடைகளில் நடத்தப்பெற்று 2015இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்விலே, அதே கோப்பியின் மீது நியாய வணிக முத்திரை ஒட்டப்பட்டபோது விற்பனை ஏறத்தாழப் பத்து சதவீதம் உயர்ந்தது. முகம் தெரியாத தொலைதூரத்து மனிதருக்காக ஒருவர் தம் கையை ஒரு பொதியிலிருந்து மற்றொரு பொதிக்கு நகர்த்துகிறார். அந்தச் சிறு அசைவிலே மனச்சான்று வேலை செய்கிறது. அதனை நாம் மதித்தல் வேண்டும்.

ஆனால் மனச்சான்று எங்கே அசைகிறது என்பதைக் கம்பனிகளும் நன்கு அறியும். வாங்குவோரின் பொறுப்புணர்ச்சியே விலைமதிப்புடைய ஒன்றாகிவிட்ட காலம் இது. ஆகவே நம் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. இளைஞரின் தெரிவு உலகை மாற்றவல்லதா என்பது ஒன்று. அந்தத் தெரிவுக்கு முன் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிப்பவர் யார் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை காணாமல் முதலாவதற்கு விடை காண இயலாது.

இதனைச் சிந்திப்பதற்கு ஊவா மலைநாட்டைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1890இலே ஸ்கொட்லாந்து வணிகர் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பகுதியிலுள்ள தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது தம் தேயிலை என்பதே அவர் செய்த பெரும் விளம்பரம். நேரே என்ற அந்தச் சொல்லிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கொழுந்தெடுத்த கை, பெரட்டுக்களம், நிறுவை, ஸ்டோர், கப்பல், ஏலம் யாவும் அச்சொல்லுக்குள் மறைந்துபோயின. குடிப்பவருக்குத் தோட்டம் தெரிந்தது. தோட்டத்திலே நின்றவர் தெரியவில்லை.

ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின், 2007இலே, லிப்டன் பெயருக்கு உரிமை பூண்டிருந்த யூனிலீவர் நிறுவனம், தன் தேயிலையை ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்னும் அமைப்பின் சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலிருந்து கொள்வனவு செய்யப்போவதாக அறிவித்தது. 1987இல் அமெரிக்காவிலே தோன்றிய அவ்வமைப்பின் முத்திரையிலே உள்ள உருவம் ஒரு தவளை. தவளை வாழும் இடத்திலே நீர் தூயது, காடு நலமுடையது என்பது அதன் குறிப்பு. இலங்கையின் பெருந்தோட்டங்கள் பலவும் அச்சான்றிதழைப் பெற்றன. 2022இலே யூனிலீவர் தன் தேயிலைத் தொழிலின் பெரும்பகுதியை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு 450 கோடி யூரோவுக்கு விற்றுவிட்டது. வாக்குறுதி கொடுத்தவர் கைமாறிச் செல்லலாம். தேயிலைச் செடியும் அதனடியில் நிற்கும் பெண்ணும் அவ்வாறு செல்ல இயலாது.

சான்றிதழால் நன்மையே விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஓடைக்கரைகளிலே மரஞ்செடிகளை விட்டுவைத்தல், கொடிய பீடைநாசினிகளை விலக்குதல், மருந்து தெளிப்போருக்குக் காப்புடை வழங்குதல், கழிவுநீரை ஆற்றிலே விடாதிருத்தல் முதலியவற்றை அது வற்புறுத்துகிறது. வெறும் முதுகிலே மருந்துக் கொள்கலனைச் சுமந்து தெளித்த தலைமுறையினரின் பிள்ளைகள், இவற்றை அற்பமென்று தள்ளிவிடமாட்டார்கள். தொழிலாளர் நலன் பற்றிய விதிகளும் அந்த ஏடுகளிலே உள்ளன. ஏட்டில் உள்ளது மலையிலும் உண்டா என்பதே பிரச்சினை. 2018இலே ஷெஃபீல்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெனவீவ் லபாரன் தலைமையில் இந்தியத் தேயிலைத் தோட்டங்களையும் கானா நாட்டுக் கொக்கோத் தோட்டங்களையும் ஆராய்ந்தவர்கள், தொழில் நிலைமைகளைப் பொறுத்தவரை, சான்றிதழ் பெற்ற தோட்டங்களுக்கும் பெறாதவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லையென்று கண்டனர். பரிசோதகர் வரும் நாளிலே எல்லாம் சீராக இருக்கும். அவர் போனபின் பழையபடியே ஆகும். பாடசாலைக்கு வித்தியாதிகாரி வரும் நாளை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஏன் இவ்வாறு நேர்கிறது? பதிலைத் தேட 1867ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டிலேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே வாணிபத்துக்கெனத் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டிலேதான் மார்க்ஸின் மூலதனம் முதற்பாகம் ஜெர்மன் மொழியிலே வெளிவந்தது. சந்தையிலே மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள உறவு, பொருளுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவுபோலத் தோற்றம் கொள்கிறது என்று அந்நூல் விளக்கியது. நாம் கடையிலே காண்பது தேயிலையும் அதன் விலையுமே. அந்த விலைக்குள் உறைந்திருக்கும் உழைப்பு நாள்களை நாம் காண்பதில்லை. இன்றைய முத்திரை இந்தத் திரையை விலக்கவே வந்ததாகச் சொல்கிறது. உண்மையிலே அது திரையின் ஒரு மூலையை மட்டுமே தூக்கிக் காட்டுகிறது. வாங்குவோனுக்கும் இயற்கைக்கும் இடையே ஓர் உறவை அது உண்டாக்குகிறது. வாங்குவோனுக்கும் உழைப்போனுக்கும் இடையிலுள்ள உறவு முன்போலவே இருளில் கிடக்கிறது. தவளைமீது இரக்கம் கொள்வது எளிது. ஏனெனில் தவளை சம்பள உயர்வு கேட்பதில்லை, தொழிற்சங்கமும் அமைப்பதில்லை.

வாங்குவோர் அறத்தின் ஆற்றலையும் எல்லையையும் அளந்துபார்க்க வரலாறு நமக்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டைத் தருகிறது. 1791இலே அடிமை வாணிபத்தை ஒழிக்கும் மசோதாவை இங்கிலாந்துப் பாராளுமன்றம் தோற்கடித்தது. அதனால் மனம் புழுங்கிய மக்கள் இலட்சக்கணக்கிலே, அடிமைகளின் உழைப்பிலே விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்காது விட்டனர். பின்வந்த ஆண்டுகளில், அடிமைகளால் ஆக்கப்படாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதப்பெற்ற கிண்ணங்கள் வீடுகளிலே வைக்கப்பட்டன. இன்றைய முத்திரைக்கு அக்கிண்ணங்களே முன்னோடி. அந்த இயக்கம் ஒரு நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பியது. அதன் பெருமையை எவரும் மறுத்தற்கில்லை. எனினும் அடிமைமுறை ஒழிந்தது கிண்ணங்களால் மாத்திரமன்று. 1791 ஆகஸ்டிலே செயின்ட் டொமிங்குவிலும், 1831 இறுதியில் ஜமெய்க்காவிலும் அடிமைகள் தாமே கிளர்ந்தெழுந்தனர். ஒழிப்புச் சட்டம் 1833இலே நிறைவேறியது. அதன் பின் நடந்ததென்ன? கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஏழைகள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அதே காலப்பகுதியிலே தமிழகத்து ஏழைகள் கங்காணிகளின் பின்னே கடல் கடந்து நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தனர். அடிமையின் குருதி படியாத சர்க்கரையைக் கேட்டவருக்கு அது கிடைத்தது. கூலியின் கண்ணீர் படியாத சர்க்கரையை அவர்கள் கேட்கவில்லை, அது கிடைக்கவுமில்லை. சந்தை, கேட்டதை மட்டுமே தரும்.

இவ்விடத்திலே வள்ளுவரிடம் மீண்டும் செல்லுதல் தகும். புலால் பற்றி அவர் கூறிய நியாயம் தேயிலைக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் கருத்து. புலாலிலே தீங்கு அப்பொருளினுள்ளேயே இருக்கிறது. கொல்லாமல் புலால் இல்லை. ஆகவே வாங்காமை அங்கே முழுமையான அறமாகிறது. தேயிலையிலோ தீங்கு இலையிலே இல்லை. அதனை ஆக்கும் முறையிலே, அந்த முறையை உடைமையாகக் கொண்டோருக்கும் உழைப்போருக்கும் இடையிலுள்ள உறவிலே இருக்கிறது. நாளைக்கே உலகத்து இளைஞர் அனைவரும் இலங்கைத் தேயிலையை வெறுத்துத் தள்ளுவார்களாயின், முதலிலே அடுப்பணைவது பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் உள்ள லயங்களிலேயாகும். ஆதலால் தேயிலை வாங்குவோனின் அறம் விலகி நிற்பதிலே நிறைவு பெறாது. வாங்கிக்கொண்டே வினவுவதுதான் அவனுடைய கடமை.

எதை வினவுவது? முதலிலே, சுற்றுச்சூழல் என்ற சொல்லின் பொருளையே வினவ வேண்டும். கம்பனியின் அறிக்கையிலே சுற்றுச்சூழல் என்றால் காடு, பறவை, ஓடை. லயத்திலே வாழ்வோருக்கோ, கூரைக்கு மேலே நிற்கும் சரிவுதான் சுற்றுச்சூழல். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிலே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த காரணத்தால் உயிர் பிழைத்த பிள்ளைகள் பெற்றோரை இழந்தனர். அவ்விடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்துதல் வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடிபெயர்ந்து செல்வதற்கு நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் கொண்டுவந்த மழையில், பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளால் உயிர்களை இழந்தது. பறவைக்குக் காட்டை ஒதுக்குவதுபோல, மனிதனுக்கு உறுதியான நிலத்திலே சில பேர்ச் காணியை ஒதுக்குவதும் சுற்றுச்சூழற் பொறுப்பே ஆகும். எந்த முத்திரையேனும் இதனை முதல் விதியாகக் கொண்டதுண்டா?

அடுத்து, பசுமையின் செலவை ஏற்பவர் யார் என்று வினவ வேண்டும். இலங்கை இதனை அண்மையிலே கசப்பான முறையில் கற்றது. 2021இலே அரசாங்கம் ஒரே ஆணையிலே இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. இயற்கைப் பசளையின்மீது நமக்குப் பகையில்லை. அப்புத்தளைக்கு அணித்தாயுள்ள இதல்கஸ்ஹின்னையிலே 1980களின் பிற்பகுதி முதலே, மண்ணைப் படிப்படியாகப் பதப்படுத்தி இயற்கை முறையில் தேயிலை பயிரிடப்பட்டு வந்திருக்கிறது. பல ஆண்டு உழைப்பால் ஆகவேண்டியதை ஓர் இரவிலே ஆக்க முயன்றதுதான் தவறு. அதே ஆண்டின் இறுதிக்குள் தடை நீக்கப்பட்டது. எனினும் 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. செடியிலே கொழுந்து குறைந்தால் கூடையிலே நிறை குறையும். நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். உலக அரங்குகளிலே பசுமைக் கொள்கை என்று பாராட்டப்பெறக்கூடிய ஒன்று, நிறுவைத் தராசண்டை வந்து ஒரு பெண்ணின் அரைநாட் சம்பளமாகக் குறைகிறது.

மூன்றாவதாக, தெரிவு என்பது யாருக்கு வாய்த்திருக்கிறது என்று வினவ வேண்டும். செலவிடும் ஒவ்வொரு காசும் ஒரு வாக்கு என்று சந்தையின் புகழ் பாடுவோர் கூறுவர். வாக்கு இல்லாமை என்றால் என்ன என்பதை மலைநாட்டு மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் இழந்து, 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்கள்வரை காத்திருந்தவர்கள் அவர்கள். காசே வாக்கு என்றால் காசில்லாதவர் மறுபடியும் வாக்கற்றவரே. 1000 ரூபா நாட்சம்பளம் என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இலேதான் வர்த்தமானியில் ஏறியது. 2024இலே அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட்டது. இரு தடவையும் கம்பனிகள் நீதிமன்றப் படியேறித் தடுக்க முனைந்தன. இத்தகைய வருவாயிலே வளரும் பதுளை இளைஞன் கடைக்குச் சென்றால், அவன் கைக்கு எட்டுவது சிறு பிளாஸ்டிக் பைக்கற்றிலே அடைத்த ஷாம்புதான். 20 மில்லிலீற்றருக்குக் குறைந்த அத்தகைய பைக்கற்றுகளை அரசாங்கம் 2021 மார்ச்சிலே தடைசெய்தது. சுற்றாடலுக்கு அது நல்லதே. ஆனால் போத்தல் வாங்கப் பணமில்லாமையால்தான் அவன் பைக்கற்று வாங்கினான் என்பதும் நினைவில் நிற்க வேண்டும். குப்பை அவனுடைய ஒழுக்கக்கேட்டிலே பிறக்கவில்லை. அவனுக்குத் தரப்பட்ட கூலியிலே பிறந்தது.

பொறுப்பைத் தனிமனிதன் தலையிலே சுமத்துதல் கம்பனிகளுக்குக் கைவந்த கலை. ஒவ்வொருவரும் தத்தம் காபன் அடிச்சுவட்டைக் கணக்கிட்டுக்கொள்க என்று 2000களின் நடுப்பகுதியிலே உலகெங்கும் பரப்பியதில் முன்னின்றது ஒரு சூழலியற் சங்கமன்று; பிபி என்னும் எண்ணெய்க் கம்பனியே. எண்ணெய் தோண்டுவோன் எண்ணெய் எரிப்போனைப் பார்த்து, உன் கணக்கைச் சரிபார் என்கிறான். இதிலுள்ள சாதுரியத்தை நம் மாணவர் கண்டுகொள்ள வேண்டும்.

இவ்வளவும் கூறிய பின்னர், எல்லாமே ஏமாற்று, எதை வாங்கினால்தான் என்ன என்ற முடிவுக்கு ஒருவர் வரலாம். அது சோம்பேறியின் முடிவு. முத்திரையைக் கண்டதும் கடமை முடிந்ததென்று திருப்தியடைபவனும், முத்திரை பொய்யென்று சொல்லிவிட்டுக் கடமையே இல்லையென்று ஒதுங்குபவனும் ஒரே இடத்திலேதான் போய்ச் சேர்கிறார்கள். இருவருமே மேற்கொண்டு கேட்பதை நிறுத்திவிட்டவர்கள்.

1927 நவம்பரிலே காந்தியடிகள் இலங்கைச் சுற்றுப்பயணத்தின்போது பதுளைக்கும் வந்தார். அப்பயணம் கதர் நிதிக்காகவே மேற்கொள்ளப்பட்டது. அவருடைய வழிகள் பலவற்றிலே நாம் கருத்து வேறுபாடு உடையோம். எனினும் கதரிலிருந்து ஒன்றைக் கற்கலாம். துணி வாங்குதல் அங்கே தனிமனிதனின் கடைத்தெருத் தெரிவாக நிற்கவில்லை. ஓர் இயக்கத்தின் உறுப்பாயிற்று. வாங்கியவனுக்கும் நூற்றவனுக்கும் இடையே ஓர் அரசியல் உறவு பிறந்தது. இன்றைய பசுமை முத்திரையிலே இல்லாதது அந்த உறவே.

அந்த உறவை உண்டாக்கும் முயற்சிகள் சில தொடங்கியிருக்கின்றன. கம்பனிகள் தம் கொள்வனவுச் சங்கிலியிலே நிகழும் உரிமை மீறலுக்கும் சுற்றாடற் கேட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டுமென்று ஜெர்மனியிலே ஒரு சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2024இலே ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வகையான சட்டநெறியொன்றை ஏற்றது. மறு ஆண்டே, கம்பனிகளின் நெருக்குதலால், அதனைத் தளர்த்தும் வேலையும் தொடங்கிற்று. இதிலிருந்து பெறப்படுவது யாது? கடையிலே ஓர் இளைஞன் செய்யும் தெரிவு சட்டமாக உருப்பெறாவிடின் அது ஒரு பருவத்து நாகரிகமாக முடிந்துவிடும். சட்டமாக உருப்பெற்ற பின்னும், அதைக் காக்கும் மக்கள் அணி இல்லாவிடின் அது ஏட்டிலே தேய்ந்துபோகும்.

ஆகவே ஐரோப்பாவிலே தேயிலைப் பொதியைக் கையில் எடுக்கும் மாணவன் கேட்க வேண்டியவை இவை: கொழுந்தெடுத்தவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைத்தது? நான் கூடுதலாகக் கொடுத்த விலையிலே எத்தனை சதம் அவருடைய கைக்குப் போயிற்று? பரிசோதனைக்கு வந்தவர் துரைமார் இல்லாத இடத்திலே தொழிலாளரோடு பேசினாரா? அவர்கள் குடியிருக்கும் சரிவு உறுதியானதா? நமது பதுளையிலே, பண்டாரவளையிலே, ஹாலிஎலவிலே படிக்கும் மாணவனுக்கோ இவற்றைக் கேட்பதோடு நில்லாது விடை கூறும் கடமையும் உண்டு. பரிசோதகர் அறிக்கை எழுதுவதற்கு முன்பே, தன் தாயும் பாட்டியும் அறிந்த உண்மையை எழுதக் கற்றவன் அவன். கல்வி அவனுக்குத் தந்த மொழியை அவன் கம்பனியின் விளம்பர வாசகம் எழுதவும் பயன்படுத்தலாம்; தன் மக்களின் சாட்சியத்தை எழுதவும் பயன்படுத்தலாம். அங்கேதான் அவனுடைய உண்மையான தெரிவு இருக்கிறது.

ஆசிரியராகிய நாம் பொருளியல் வகுப்பிலே கேள்வி என்ற சொல்லுக்குச் சந்தையின் பொருளை மட்டுமே கற்பித்து நின்றுவிடலாகாது. விலை கொடுக்க வல்லவரின் விருப்பமே கேள்வி என்கிறது பாடநூல். நியாயம் கோரும் மனிதரின் வினாவும் கேள்வியே என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். முதலாவது கேள்விக்குச் சந்தை தேயிலையைத் தருகிறது. இரண்டாவது கேள்விக்குச் சந்தை தானாக எதையும் தராது; வாங்குவோரும் உழைப்போரும் சேர்ந்து நின்று கேட்டாலன்றி அதற்கு விடை பிறவாது.